கலந்து பாடப் போகும் பிள்ளைகளுக்கு

வடபழனி, கோடம்பாக்கம், சாலிகிராமம் என்று ஒலிப்பதிவு அறைகளிலேயே என் வயது போயிற்று. இப்போது என்னைத் தேடி வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரு மடிக்கணினியும் ஹெட்போனுமாக வரும் இருபது வயதுப் பிள்ளைகள். கானாவும் டிராப்பும் கலந்து ஒன்று, ஒப்பாரியும் ரெக்கேயும் கலந்து ஒன்று என்று போட்டுக் காட்டுகிறார்கள். கேட்க எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் பாட்டு முடிந்த கையோடு அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எந்த லேபிளிடம் போகலாம், ஐயா?" அதற்கு முன்னால் பேச வேண்டியவை நிறைய இருக்கின்றன.

ஒருவருடைய வாழ்க்கையை நடுவில் வைத்துக்கொண்டு சொல்கிறேன். மாயா அருள்பிரகாசம், உலகம் எம்.ஐ.ஏ. என்று அறிந்தவர். 1975இல் லண்டனில் பிறந்து, கைக்குழந்தையாக யாழ்ப்பாணம் போய், சில காலம் சென்னையிலும் இருந்து, போர் துரத்த 1986இல் தாயோடு அகதியாக மறுபடி லண்டன் சேர்ந்தவர். அவரைப் போலப் பாடு என்று சொல்ல வரவில்லை. சினிமாவின் தோளில் ஏறாமல், நாலைந்து இசைகளைக் கலந்து, உலகம் முழுக்கப் போன தமிழ்ப் பெண் அவர். அந்தப் பாதையில் நல்லதும் இருக்கிறது, வலியும் இருக்கிறது. இரண்டும் உனக்குத் தேவை.

1. உன் காதில் ஏற்கெனவே விழுந்ததிலிருந்து தொடங்கு.

எந்த இரண்டு இசையைக் கலந்தால் இப்போது ஓடும் என்று யோசிக்காதே. பதினைந்து வயதுக்குள் நீ கேட்டவற்றை ஒரு தாளில் எழுது. டவுன் பஸ்ஸில் ஓடிய இளையராஜா, ஆடி மாதம் மாரியம்மன் கோவில் குழாய் ஒலிபெருக்கியில் வந்த எல்.ஆர். ஈஸ்வரி, பக்கத்துத் தெரு தேவாலயத்தின் பாடகர் குழு, நோன்பு மாதத்தில் நாகூர் ஹனிபா, சாவு வீட்டுக் கானா, அண்ணன் செல்போனில் எமினெம். நீ தேர்ந்தெடுக்காமலே உனக்குள் கலந்து கிடப்பவை இவை.

மாயாவுக்கும் அப்படித்தான். யாழ்ப்பாணத்துக் கோவில் மேளமும் தமிழ்ச் சினிமாப் பாட்டும் முதலில் வந்தன. லண்டனில் ஏழைகளுக்கான அடுக்குமாடிக் குடியிருப்பில் பக்கத்து வீட்டுச் சுவரைத் தாண்டி வந்த ஹிப்ஹாப் பிறகு வந்தது. ஜமைக்கா டான்ஸ்ஹாலும் பங்க் ராக்கும் அதற்கும் பிறகு. அவர் கலக்க முடிவு செய்யவில்லை, பட்ட வாழ்க்கை கலந்துவிட்டது. நம் ராப் பாடகர் அறிவு எழுதிய 'எஞ்சாயி எஞ்சாமி'யை எடுத்துக்கொள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டு, கையில் நிலமில்லாமல் திரும்பி வந்த தன் பாட்டி வள்ளியம்மாளின் கதையை அவர் அதில் வைத்தார். 2021இல் அது உலகம் சுற்றியதற்குத் தாளம் ஒரு காரணம் என்றால், அந்தப் பாட்டி பெரிய காரணம் என்பேன்.

2. இருக்கிற கருவியோடு ஆறு பாட்டை முடி.

மாயா இசை படித்தவர் அல்லர். லண்டன் சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் கல்லூரியில் திரைப்படம் படித்தவர். எலாஸ்டிகா என்ற இசைக்குழுவின் பயணத்தைப் படமெடுக்கப் போன இடத்தில், பீச்சஸ் என்ற பாடகி ரோலண்ட் எம்.சி.-505 என்ற தாளப் பெட்டியைக் காட்டி, நீயே செய்து பார் என்று தூண்டினார். அந்தப் பெட்டி, பழைய நாலு டிராக் டேப் ரெக்கார்டர் ஒன்று, ஒரு மைக். இவ்வளவுதான். அதில் ஆறு பாட்டு செய்தார். 'கலாங்' அந்த ஆறில் ஒன்று. 2003இல் ஒரு சிறு நிறுவனம் அதை வெறும் 500 இசைத்தட்டுகளாக அச்சடித்தது. அந்த 500 தட்டு கை மாறி, இணையத்தில் பரவி, கல்லூரி வானொலிகளில் ஒலித்து, மறு ஆண்டே எக்ஸ்.எல். ரெக்கார்டிங்ஸ் அவரை அழைத்தது.

உன்னிடம் இன்று அதைவிடப் பெரிய ஸ்டூடியோ செல்போனிலேயே இருக்கிறது. எனவே வாங்குவதை நிறுத்து. கண்டென்சர் மைக் வாங்கக் கடன் வாங்கிய பிள்ளைகளைப் பார்க்கிறேன். தகரக் கூரையும் மின்விசிறியும் ஆட்டோ சத்தமும் உள்ள அறையில் அந்த மைக் எல்லாவற்றையும் உள்ளே இழுத்துவிடும். அப்படிப்பட்ட அறைக்கு வாய்க்குப் பக்கத்தில் வைத்துப் பாடும் சாதாரண டைனமிக் மைக்தான் நல்லது. சுவரில் இரண்டு கனமான மெத்தையைச் சாய்த்து வை, போதும். ஒரே பாட்டை ஒரு வருடம் இழைத்துக்கொண்டிருக்காதே. ஆறாவது பாட்டை முடிக்கும்போதுதான் உன் குரல் எது என்று உனக்கே கேட்கும்.

3. கலக்குமுன் ஒவ்வொன்றையும் தனியாகக் கற்றுக்கொள்.

இதை நிதானமாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் பிள்ளைகள் அதிகம் அவசரப்படுவது இங்கேதான். இணையத்தில் கிடைக்கும் 'சவுத் இந்தியன் பெர்கஷன்' லூப் ஒன்றை இறக்கி, அதன்மேல் 808 பேஸைப் போட்டால் கலப்பு ஆகிவிடாது. அது பக்கத்தில் பக்கத்தில் வைத்தது, அவ்வளவுதான்.

உறுமியை எடுத்துக்கொள். அதன் ஒரு பக்கத்தை அடிப்பார்கள், மறுபக்கத்தை வளைந்த குச்சியால் தேய்ப்பார்கள். அந்தத் தேய்ப்பில் எழும் முனகல் ஒரே சுருதியில் நிற்காது, ஏறி இறங்கும். அது கீழ்ஸ்தாயி ஓசை. உன் 808 பேஸும் அதே கீழ்ஸ்தாயியில்தான் உட்கார்ந்திருக்கிறது. இரண்டையும் முழு பலத்தோடு விட்டால் இரண்டுமே சேறாகிவிடும். எது அடியில் நிற்க வேண்டும் என்று நீ முடிவு செய்ய வேண்டும். உறுமிக்கு இடம் கொடுக்கிறாய் என்றால் பேஸைக் குறுக்கு. உறுமி முனகும் இடத்தில் பேஸ் வாயை மூடிக்கொள்ளட்டும். உறுமி சாமியாட்டத்தோடும் இழவோடும் வாழ்ந்த வாத்தியம் என்பதும் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். எந்த அடிக்குச் சாமி வரும், எந்த அடிக்குப் பிணம் கிளம்பும் என்று வாசிப்பவருக்குத் தெரியும். நீ காதல் பாட்டுக்குக் கேட்கும் அடி எதற்கானது என்று அவரிடமே கேள்.

பறை தீயில் காய்ச்சி வாசிக்கும் வாத்தியம். நேரம் போகப் போகத் தோல் இறங்கும். ஸ்டூடியோவுக்கு அழைத்தால் இடையிடையே வெளியே போய்க் காய்ச்சிக்கொண்டு வர இடமும் நேரமும் கொடு. கட்டட உரிமையாளரிடம் அதற்கு முன்கூட்டியே சொல்லி வை. மைக்கை முகத்தருகே வைக்காதே. தெருவுக்காகப் பிறந்த ஓசை அது. நாலடி தள்ளி நின்று கேட்டால்தான் அதன் உருவம் தெரியும். கிளிக் டிராக்கைக் காதில் மாட்டிவிட்டு, விலகிவிட்டது என்று குறை சொல்லாதே. 'டிக் டிக்' என்ற ஓசைக்குப் பதிலாக எளிய தாள லூப் ஒன்றைக் காதில் கொடு. அப்படியும் முன்னே பின்னே போனால், போகட்டும். ஒவ்வொரு அடியையும் கணினியில் கட்டத்துக்குள் இழுத்துப் பொருத்தினால், நீ அவரை அழைத்ததற்கே அர்த்தமில்லை.

கர்நாடக இசையிலிருந்து வருகிறவர்களுக்கு இன்னொன்று. ஆட்டோ-டியூனை வேகமாக வைத்தால் கமகம் செத்துவிடும். சுரத்துக்குச் சுரம் அசைவதையே அது பிழை என்று நினைத்துத் திருத்தும். கமகம் வரும் சொற்றொடர்களில் அதை அணைத்துவிடு. இரண்டு இசையும் இயல்பாகவே கைகோத்துக்கொள்ளும் இடங்களைத் தேடு. டிராப் இசையில் ஹை-ஹாட் மூன்று மூன்றாக உருள்கிறதே, நம் திஸ்ர நடை தெரிந்தவனுக்கு அது சொந்த வீடு. அங்கே ஒரு கொன்னக்கோல் வைத்துப் பார், யாரும் ஒட்டுப்போட்ட இடத்தைக் கண்டுபிடிக்க முடியாது.

மாயா தன் இரண்டாவது ஆல்பமான 'கலா'வுக்காக 2006இல் சென்னை வந்து உறுமிக் கலைஞர்களோடு பதிவு செய்தார். 'பேர்ட் ஃப்ளூ', 'பாய்ஸ்' இரண்டையும் நல்ல ஹெட்போனில் கேள். உறுமி மூலையில் அலங்காரமாக நிற்காது. பாட்டே அதன் மேல்தான் நிற்கும். முரடாக, பாலிஷ் போடாமல் விட்டிருக்கிறார்கள். அந்தத் துணிவு எனக்குப் பிடிக்கும். நம் ஊரில் இயக்குநர் பா. இரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்த்த 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' இன்னும் ஒரு படி மேலே போனது. 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் அவர்கள் முதலில் மேடையேறினார்கள். ராக் கிட்டாரும் ராப்பும் கானாவைச் சுற்றி வந்தன. கானாவைப் பாடியவர்கள் அதைப் பாடி வளர்ந்தவர்களே. ஒரு இசையைக் கலக்கும்போது அதற்குச் சொந்தக்காரர் மேடையில் எங்கே நிற்கிறார் என்பதை நான் எப்போதும் பார்ப்பேன்.

4. எடுத்ததற்குக் கணக்கு வை.

கலப்பவர் கடன் வாங்குகிறவர். கடன் வாங்குவதில் அவமானமில்லை. யாரிடம் வாங்கினோம் என்று தெரியாமல் இருப்பதுதான் ஆபத்து.

மாயாவின் 'பேப்பர் பிளேன்ஸ்' தி கிளாஷ் குழுவின் 'ஸ்ட்ரெய்ட் டு ஹெல்' இசைத் துண்டின் மேல் கட்டப்பட்டது. அதனால் அந்தப் பாட்டை எழுதியவர்கள் பட்டியலில் மாயாவோடும் இசைத் தயாரிப்பாளர் டிப்லோவோடும் கிளாஷ் குழுவின் நால்வர் பெயரும் இருக்கிறது. இன்றைக்கும் அந்தப் பாட்டின் வருமானத்தில் அவர்கள் தரப்புக்குப் பங்கு உண்டு. 'கலா'வின் முதல் பாட்டில் இளையராஜாவின் 'தளபதி' படப் பாட்டு ஒலிக்கிறது. அதே ஆல்பத்தின் 'ஜிம்மி', பப்பி லஹிரி 'டிஸ்கோ டான்சர்' படத்துக்குப் போட்ட பாட்டின் மறுவடிவம். முதல் ஆல்பமான 'அருளர்' 2004 செப்டம்பரில் வந்திருக்க வேண்டியது. சாம்பிள்களுக்கு அனுமதி வாங்கும் வேலை இழுத்ததில் 2005 மார்ச்சில்தான் வந்தது. பெரிய நிறுவனத்தின் வழக்கறிஞர்கள் இருந்தும் இந்தத் தாமதம். நீ தனி ஆள்.

மலேசியாவின் யோகி பி குழு 2006இல் 'வல்லவன்' ஆல்பத்தில் 'நிழல்கள்' படத்து 'மடை திறந்து' பாட்டை ராப்பாக மாற்றியபோது நான் வியந்து கேட்டேன். அதைக் கேட்டு வளர்ந்த தலைமுறை, பழைய பாட்டை எடுத்துத் திருப்புவது எளிது என்று நினைத்துவிட்டது. எளிதில்லை. ஒரு சினிமாப் பாட்டில் இரண்டு சொத்து இருக்கிறது: மெட்டும் வரியும் ஒன்று, அந்த ஒலிப்பதிவு இன்னொன்று. இரண்டுக்கும் தனித்தனி உரிமையாளர் இருக்கலாம், இரண்டு பேரிடமும் அனுமதி வேண்டும். ஒலிப்பதிவின் பதிப்புரிமை நம் நாட்டில் 60 ஆண்டு. 1991இல் வந்த 'தளபதி'யின் ஒலிப்பதிவு 2051 முடியும் வரை ஒருவர் சொத்து. ஏழெட்டு விநாடி வரை எடுத்தால் தப்பில்லை என்று உன் நண்பர்கள் சொல்வார்கள். அப்படி ஒரு சட்டம் இல்லை. திரும்பப் பாடும் கவருக்குச் சட்டம் தனி வழி வைத்திருக்கிறது. அதற்கும் மூலப் பதிவு வந்து ஐந்து ஆண்டு ஆகியிருக்க வேண்டும், முன்னறிவிப்பும் ராயல்டியும் கொடுக்க வேண்டும், பாட்டை உன் இஷ்டத்துக்கு மாற்றவும் முடியாது.

நாட்டுப்புறப் பாட்டு யாருக்கும் சொந்தமில்லை என்பதும் பாதிதான் உண்மை. பாட்டு பொதுவாக இருக்கலாம். நீ செல்போனில் பதிவு செய்துகொண்டு வந்த அந்த அம்மாவின் குரல் அவருடையது. நிகழ்த்துகிறவருக்கு நம் சட்டத்தில் தனி உரிமை இருக்கிறது. அவர் பெயர், ஊர், என்ன பாடினார், என்ன கொடுத்தாய், எதற்குச் சம்மதித்தார் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுது. அவருக்குப் புரியும் தமிழில் படித்துக்காட்டி ஒப்பம் வாங்கு. பணத்தை அன்றே கொடு. பாட்டு ஓடினால் மறுபடி போய்க் கொடு.

5. பாட்டு முடிந்த அன்றே பங்கை எழுது.

வரி யார், மெட்டு யார், தாளம் கட்டியது யார், மாஸ்டர் என்கிற மூல ஒலிப்பதிவு யாருடையது, ஒவ்வொருவருக்கும் நூற்றுக்கு எத்தனை. ஒரு பக்கத் தாள் போதும். எல்லோரும் கையெழுத்துப் போட்டு, படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடு. நண்பர்களுக்குள் எதற்கு இதெல்லாம் என்பார்கள். நட்பு இருக்கும்போதுதான் இதை எழுத முடியும்.

'எஞ்சாயி எஞ்சாமி'க்கு நடந்தது எல்லோருக்கும் தெரியும். 2021 ஆகஸ்டில் ஒரு பத்திரிகை அட்டையில் அறிவு இல்லாதது விவாதமாயிற்று. 2022இல் செஸ் ஒலிம்பியாட் மேடையில் அவர் இல்லாமல் அந்தப் பாட்டு அரங்கேறியபோது, எழுதியதும் மெட்டமைத்ததும் யார் என்ற பேச்சு பொதுவெளிக்கு வந்தது. 2024 மார்ச்சில் அதன் இசைத் தயாரிப்பாளர் சந்தோஷ் நாராயணன், அந்தப் பாட்டின் வருமானம் தங்களுக்கு வந்து சேரவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். உள்ளே இருந்தவர்களுக்குத்தான் முழுக்கதையும் தெரியும், நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு பாட்டியின் நிலத்தைப் பற்றிய பாட்டு, யார் பெயர் எங்கே என்ற தகராறாக ஆனது என்னைப் பல நாள் வருத்தியது. தமிழில் சினிமாவுக்கு வெளியே வந்த இவ்வளவு பெரிய பாட்டுக்கு அது நேர்ந்திருக்கக் கூடாது.

6. படித்துப் புரியாத தாளில் கையெழுத்துப் போடாதே.

எனக்குத் தெரிந்த ஒரு பெண் பிள்ளை, நல்ல குரல், நாலு பாட்டை ஒரு நிறுவனத்துக்கு எழுதிக்கொடுத்தாள். உலகம் முழுக்க, எல்லாக் காலத்துக்கும், இனி வரப்போகும் எல்லா ஊடகங்களுக்கும் என்று அதில் இருந்தது. கைக்கு வந்த தொகை வீடியோ செலவுக்கே போதவில்லை. இன்று தன் பாட்டைத் தன் கச்சேரி விளம்பரத்தில் போடக்கூட அவள் அனுமதி கேட்க வேண்டும்.

சட்டம் உனக்குக் கொஞ்சம் துணை நிற்கிறது, தெரிந்துகொள். உரிமையை எழுதிக்கொடுக்கும் ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடவில்லை என்றால் ஐந்து ஆண்டு என்றுதான் பொருள். இடம் குறிப்பிடவில்லை என்றால் இந்தியா மட்டும்தான். வாங்கியவர் ஓராண்டுக்குள் அந்த உரிமையைப் பயன்படுத்தவில்லை என்றால், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய, அது காலாவதி. இதனால்தான் அவர்கள் எல்லாவற்றையும் 'வேறு மாதிரி' எழுதிக்கொண்டு வருகிறார்கள். 2012 திருத்தம் இன்னொன்று செய்தது: வரி எழுதியவரும் மெட்டமைத்தவரும் தங்கள் ராயல்டிப் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதினாலும் அது செல்லாது. அந்தப் பங்கு உன்னிடம் வந்து சேர, ராயல்டியை வசூலித்துத் தரும் ஐ.பி.ஆர்.எஸ். அமைப்பில் உறுப்பினராகிப் பாட்டுகளைப் பதிவு செய்து வை. உறுப்பினராகாத பலரை எனக்குத் தெரியும். கேட்டால், பாட்டு ஓடட்டும் பார்க்கலாம் என்கிறார்கள். ஓடும்போது நேரம் இருக்காது.

லேபிளும் விநியோகஸ்தரும் ஒன்றல்ல. டிஸ்ட்ரோகிட், டியூன்கோர் போன்றவை கட்டணமோ பங்கோ வாங்கிக்கொண்டு உன் பாட்டைத் தளங்களில் ஏற்றுகிறவை. மாஸ்டர் உன்னுடையதாகவே இருக்கும். லேபிள் பணம் போட்டு உரிமை கேட்கும். முதல் ஆறு பாட்டையாவது உன் பெயரிலேயே வை. ஒவ்வொரு பதிவுக்கும் ஐ.எஸ்.ஆர்.சி. என்று பன்னிரண்டு எழுத்துக் குறியீடு உண்டு. அதைக் குறித்து வை. நாளை வேறு விநியோகஸ்தரிடம் மாறும்போது அதே குறியீட்டோடு ஏற்றினால்தான் பழைய கேட்பு எண்ணிக்கை தொடரும். பலரும் பயன்படுத்தும் சாம்பிள் பேக்கிலிருந்து லூப் எடுத்திருந்தால், அந்தப் பாட்டை யூடியூப்பின் கன்டென்ட் ஐ.டி.யில் சேர்க்காதே. அதே லூப்பை எடுத்த இன்னொரு பிள்ளையின் வருமானத்தை நீ தடுத்துவிடுவாய்.

7. ஒரு வாரத்தில் பாட்டைக் கைவிடாதே.

'கலா' வந்தது 2007 ஆகஸ்டில். 'பேப்பர் பிளேன்ஸ்' அதன் பிற்பகுதியில் கிடந்த ஒரு பாட்டு. 2008இல் ஒரு ஹாலிவுட் படத்தின் முன்னோட்டத்தில் ஒலித்து, அந்தச் செப்டம்பரில் அமெரிக்கப் பாடல் பட்டியலில் நாலாம் இடத்துக்கு ஏறியது. ஆல்பம் வந்து ஒரு வருடத்துக்கு மேல். நீ வெள்ளிக்கிழமை வெளியிட்டுவிட்டுத் திங்கட்கிழமை எண்ணிக்கை பார்த்து அழுகிறாய். கல்லூரி விழா, நண்பரின் குறும்படம், பகுதி நேர நாடகக் குழு, நடனப் பள்ளி என்று அதை எடுத்துக்கொண்டு நட.

8. கதவு மூடினால் எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்று பார்.

2006இல் அமெரிக்க விசா சிக்கலால் மாயா அங்கே இசைத் தயாரிப்பாளர் டிம்பலாண்டோடு செய்ய நினைத்த வேலை நடக்கவில்லை. அவர் இந்தியா, டிரினிடாட், ஜமைக்கா, லைபீரியா, ஆஸ்திரேலியா என்று போனார். போன இடத்தின் ஓசையெல்லாம் 'கலா' ஆல்பத்தில் ஏறியது. ஆஸ்திரேலியப் பழங்குடிச் சிறுவர்களின் ராப் கூட அதில் உண்டு. தடை நல்லது என்று நான் சொல்லவில்லை. தடை தடைதான். அமெரிக்காவில் திட்டமிட்டது நடந்திருந்தால் எப்படிப்பட்ட ஆல்பம் வந்திருக்கும் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அவர் காத்திருந்து காலத்தைக் கழிக்கவில்லை என்பதைப் பார்.

9. அட்டைப் படத்தையும் நீயே யோசி.

மாயா பாடகியாகும் முன்பே எலாஸ்டிகாவின் ஆல்பத்துக்கு அட்டை செய்தவர். ஸ்டென்சில் ஓவியமும் கண்ணைப் பறிக்கும் நிறங்களுமாக அவர் கண்ட உருவம் பாட்டோடு சேர்ந்தே பிறந்தது. உனக்கு வரையத் தெரியாவிட்டால், உன் தெருவில் சுவர் விளம்பரம் எழுதுகிறவரிடம் போ. கணினி ஒரு நிமிடத்தில் செய்து தரும் படங்கள் எல்லாம் ஒரே முகமாக இருக்கின்றன.

10. பேசுவதற்கு விலை உண்டு. தெரிந்து பேசு.

கலப்பிசைக்காரன் ஏதாவது ஒரு கட்டத்தில் தான் யார் என்று சொல்ல வேண்டிவரும். மாயா முதல் ஆல்பத்துக்குத் தந்தையின் இயக்கப் பெயரையும் இரண்டாவதுக்குத் தாயின் பெயரையும் வைத்தார். 'சன்ஷவர்ஸ்' பாட்டின் ஒரு குறிப்புக்காக எம்.டி.வி. அதை ஒளிபரப்ப மறுத்தது. 2009இன் தொடக்கத்தில், வன்னியில் மக்கள் செத்துக்கொண்டிருந்தபோது, கிராமி மேடையும் ஆஸ்கர் பரிந்துரையும் கையில் இருந்த நேரத்தில், அமெரிக்கத் தொலைக்காட்சியில் உட்கார்ந்து ஈழத்தமிழர் அழிக்கப்படுவதைச் சொன்னார். அந்த இடத்தில் அதைச் சொல்ல அன்று வேறு யார் இருந்தார்? பயங்கரவாதத்துக்குத் துணை போகிறவர் என்ற பழி வந்தது, வாய்ப்புகள் குறைந்தன. அதற்காக நான் அவரை மதிக்கிறேன். பின்னாளில் அவர் வேறு பலவற்றைப் பற்றிச் சொன்னவை எல்லாவற்றோடும் எனக்கு உடன்பாடில்லை.

உனக்குச் சொல்வது இது. நீ பட்டதை, உன் வீட்டார் பட்டதைச் சொல். அதற்கு யாரிடமும் அனுமதி வேண்டாம். பிறர் பட்டதைச் சொல்லப் போகிறாய் என்றால் முதலில் போய்க் கேட்டுக்கொண்டு வா. தேதியும் ஊரும் தப்பாக ஒரு வரி எழுதினால், உன்னை எதிர்க்கிறவர்களுக்கு அந்த ஒரு வரி போதும்.

11. சினிமா அழைத்தால் போ. உன் அலமாரியைத் திறந்துவிட்டுப் போகாதே.

ஏ.ஆர். ரஹ்மானோடு மாயா செய்த 'ஓ... சாயா', 'ஸ்லம்டாக் மில்லியனர்' படத்துக்காக ஆஸ்கர் பரிந்துரை வரை போனது. அதனால் அவர் சொந்தப் பாட்டை நிறுத்தவில்லை. நம் ஊரில் சினிமாதான் சம்பளம் தரும் இடம். வாடகையும் அம்மாவின் மருந்தும் அதில் வரும். போவது துரோகம் என்று யார் சொன்னாலும் கேட்காதே. ஆனால் சினிமாவுக்குச் செய்ததன் மாஸ்டர் தயாரிப்பாளரிடமோ லேபிளிடமோ போய்விடும். நீ சினிமாவுக்கு முன் செய்த சொந்தப் பாட்டுகளை அந்த ஒப்பந்தத்துக்குள் இழுக்க விடாதே. பழைய டெமோவில் இருந்த நல்ல மெட்டை அவசரத்துக்கு எடுத்துக் கொடுத்துவிடாதே. வருடத்தில் ஒரு பாட்டாவது உன் பெயரில் வரட்டும்.

12. காதைக் காப்பாற்று.

85 டெசிபெல் சத்தத்தில் எட்டு மணி நேரம் இருக்கலாம். ஒவ்வொரு மூன்று டெசிபெல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபெல் என்றால் கால் மணி நேரம்தான். பறையும் தவிலும் மூடிய அறையில் அதைத் தாண்டும். காதடைப்பான் போட்டுக்கொள், வாசிப்பவர்களுக்கும் கொடு. போன காது திரும்பி வராது. என்னோடு வேலை செய்த நல்ல என்ஜினியர்கள் சிலர் இன்று இரைச்சல் இல்லாத இரவு என்றால் என்ன என்று தெரியாமல் வாழ்கிறார்கள்.

13. பதிவுக்கு வந்தவர்களையே மேடைக்கும் அழை.

பாட்டு ஓடி முதல் கச்சேரி வரும்போது எல்லோரும் செய்வது, உறுமியையும் பறையையும் மடிக்கணினியிலிருந்து ஒலிக்கவிட்டு, மேடையில் ஒரு டி.ஜே.யோடு நிற்பது. செலவு மிச்சம், சரிதான். ஆனாலும் முடிந்தவரை வாசித்தவர்களையே கூட்டிக்கொண்டு போ. கிட்டார் வாசிப்பவருக்கு என்ன சம்பளமோ அதே சம்பளம் அவர்களுக்கும். அவருக்கு ஏ.சி. ரயில் பெட்டி என்றால் இவர்களுக்கும் ஏ.சி. பெட்டி. அமைப்பாளர் தரும் அறையில் பாதிப்பேர் தரையில் படுக்க வேண்டியிருந்தால் முன்பணம் வாங்கும்போதே பேசி மாற்று. வாத்தியம் காய்ச்ச மேடைக்குப் பின்னால் தீ வைக்க அனுமதி உண்டா என்று அரங்கத்தாரிடம் ஒரு வாரம் முன்பே கேள். சவுண்ட் செக்கில் அவர்களை முதலில் நிறுத்து. கடைசியில் விட்டால் கதவு திறக்கும் நேரம் வந்து அவர்களுக்குத்தான் நேரம் இல்லாமல் போகும். சுவரொட்டியில் உன் பெயருக்குக் கீழே அவர்கள் பெயரையும் ஊரையும் போடு. எழுத்துப் பிழை இல்லாமல் போடு. அச்சுக்குப் போகுமுன் அவர்களிடமே ஒருமுறை காட்டு.